வாயைத் திற, ஜீவா

பிரேமாவதியின் நாள் தம்பியின் வாய்க்குள்தான் விடியும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆள் கூடுவதற்கு முன்னால், லயத்து வீட்டு வாசல் விளக்கடியில் ஜீவனை நிறுத்தித் தாடையைப் பிடித்து, "வாயத் திற" என்பாள். மீசையும் முண்டாவுமாக நிற்கிற ஆம்பளை, தடுப்பூசிக்கு வந்த பள்ளிப்பிள்ளை மாதிரித் திறப்பான்.

"நாக்கத் தூக்கு."

தூக்குவான்.

"கன்னத்த இழு. அந்தப் பக்கம்."

இழுப்பான். கைப்பேசி விளக்கைக் கடைவாய்வரை அடித்துப் பார்ப்பாள். அப்புறம் சட்டைப் பையைத் தடவுவாள், காலுறையை உதறுவாள், தண்ணீர்ப் போத்தலை முகர்வாள். எல்லாம் முடிந்தபின், "பாஸ்" என்று சொல்லிப் பால் கலக்காத கோப்பி ஓவை நீட்டுவாள். கப்பலேறிப் போகிற சரக்குக்குக்கூட இவ்வளவு பரிசோதனை கிடையாது.

அடுத்த வீட்டில் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பவள் கேட்பாள்: "என்னா பிரேமா, பல்லெல்லாம் சரியா இருக்கா? சந்தைக்கு ஓட்டப் போறியா?"

"ஒன் வீட்டுக்காரர் வாயையும் கொண்டாந்து காட்டு, சேத்தே பாத்துச் சொல்றேன்."

அடுத்த வீட்டுக் கதவு உடனே சாத்திக்கொள்ளும். ஏனென்றால் அந்த வாயில் கிளி இருந்தது.

கிளி என்றால் பாதி பச்சை, பாதி மஞ்சளாக இருக்கிற வலி மாத்திரை. வயிற்றைக் கிழித்துத் தைத்தவர்களுக்கும் எலும்பு நொறுங்கியவர்களுக்கும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. சுங்கை லாலாங் பக்கத்து அந்தச் செம்பனைத் தோட்டத்தில் டாக்டருடைய வேலையை, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் முருகையா பார்த்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் ஒரு மைலோ டின் இருக்கும். பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும்போது, எவன் தோளைத் தடவுகிறான், எவன் குனியும்போது முனகுகிறான் என்று பார்த்து வைத்திருந்து, சீட்டைத் தூக்குவார். இந்த அளவு அக்கறையோடு அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் யாருடைய தோளையும் பார்த்ததில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

பிரேமாவதிக்குக் குறை கண்டுபிடிப்பது பழைய தொழில். கல்யாணத்துக்கு முன் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. பூதக்கண்ணாடியில் குனிந்து, நகக்கண் அளவு சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் பாஸ், கெட்டதென்றால் ரிஜெக்ட். அவள் கண்ணுக்குத் தப்பிய கீறல் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் இருளப்பனைக் கட்டிக்கொண்டாள். பார்த்தபோது பாஸாகத்தான் தெரிந்தான்.

இருளப்பனுக்கு ஊரில் மெஷின் என்று பேர். தோட்டத்தின் மேற்கே, மரமெல்லாம் கிழடாகி வானத்துக்கு ஏறிவிட்ட காட்டில் அவன் நிரை, அவனுக்கென்று ஒதுக்கிய மர வரிசை. அங்கே குலையைக் கீழே இறக்க, நுனியில் அரிவாள் கட்டிய கம்பை ஒன்றுக்குள் ஒன்றாய் நீட்டி, அண்ணாந்து நின்று, மொத்தக் கனத்தையும் கழுத்தும் தோளும் தாங்கி இழுக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலையை மெஷின் ஒருவனாகச் செய்தான். மானேஜர் கைதட்டி, ஆண்டு விழாவில் சிறந்த வெட்டுக்காரன் என்று ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தார். அதை வாங்க இருளப்பனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் வாங்கினான். படத்தில் மரியாதை தெரியாதவன் மாதிரி விழுந்திருக்கிறான்.

கிளி வந்தது அந்தத் தோளுக்காகத்தான். முதலில் வலித்த அன்றைக்கு மட்டும் வந்தது. அப்புறம் வலிக்கப்போகிற அன்றைக்கும் வந்தது. அப்புறம் லீவு நாளிலும் வர வேண்டியிருந்தது. ஒரு தீபாவளிக்கு முருகையா ஊருக்குப் போய்விட, மைலோ டின்னும் கூடவே போய்விட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்த இருளப்பன் கொட்டாவி விட ஆரம்பித்தான். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, புதுச்சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. கொட்டாவி மட்டும் நிற்கவில்லை. முறுக்கோடு வந்த விருந்தாளிகள், ராத்திரி சீட்டு விளையாடியிருப்பான் என்று சிரித்தார்கள். பிரேமாவதி சிரிக்கவில்லை. கிளி இல்லாத உடம்பு கொட்டாவி விடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அவன் செத்ததும் அவள் கண் முன்னால்தான். அவன் வெட்டிப் போட, பின்னாலேயே அவள் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் கிளியோடு வேறு எதையோ சேர்த்துக் குடித்திருந்தான். மதிய வெயிலில், "அஞ்சு நிமிசம்" என்று மட்டைக் குவியலில் சாய்ந்தான். ஈ மொய்த்தது. தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று அவன் துண்டை எடுத்து முகத்தில் போர்த்திவிட்டு, அவனைச் சுற்றிக் கிடந்த பழத்தையெல்லாம் சத்தமில்லாமல் பொறுக்கினாள். காலை நகர்த்திவிட்டு, காலுக்கடியில் கிடந்ததையும் எடுத்தாள். முருகையா வந்து துண்டை விலக்கிய பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு நேரமும் அவள் ஒரு பிணத்தின் உறக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

ஹார்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள். உலகத்தில் எவன் செத்தாலும் கடைசியில் இருதயம் நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

பிறகு வீட்டுப் பிரச்சினை வந்தது. லயத்து வீடு வேலைக்காரனுக்கு. பிரேமாவதியும் அந்தத் தோட்டத்து மண்ணில்தான் முதுகை வளைத்தாள் என்றாலும், அவள் பொறுக்கியதெல்லாம் புருஷன் பேரில் ஏறியது. தோட்டத்தின் பார்வையில் அவள் ஒரு ஆள் இல்லை. இருளப்பனுடைய இன்னும் இரண்டு கைகள். உடம்பே போன பிறகு கைகளுக்கு எதற்கு வீடு? எலி பிடிக்கிற ஆந்தைகளுக்கு அந்தத் தோட்டத்தில் கம்பத்துக்குக் கம்பம் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்தை செத்தால் அதன் பெண்டாட்டியை யாரும் காலி செய்யச் சொல்வதில்லை.

போக்கிடம் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தவன் ஒரு தம்பி. சுங்கை பட்டாணியில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வந்து பேரக் குடுடா. வீடு நிக்கட்டும்," என்று அழைத்தாள்.

"நான் எங்கக்கா கம்பு தூக்குனேன்? நாசி கண்டார் சோத்துப் பொட்டலந்தான் தூக்கியிருக்கேன்."

"மாமா இருந்த வீடுடா."

வந்தான். வந்த அன்றே அவன் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "மாமா தின்னத நீ தொட மாட்டேன்னு சொல்லு." சொன்னான். "என் தல மேல சத்தியம்னு சொல்லு." அதையும் சொன்னான். தோட்டம் அவனுக்கு இருளப்பனின் கம்பைக் கொடுத்தது, இருளப்பனின் நிரையைக் கொடுத்தது. முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். தலைக்கு எண்ணெய் வைக்கக் கை ஏறவில்லை. அக்காதான் வைத்துவிட்டாள், கழுத்தில் தைலம் தேய்த்தாள், முதுகு முழுக்கக் கோயோ பிளாஸ்திரி ஒட்டினாள். இரண்டாவது வாரம் அவன் தட்டை ஒரு கையால் தூக்கினான். உடம்பு பழகிவிட்டது என்று அவள் முருகனுக்கு விளக்குப் போட்டாள்.

விளக்கோடு நிற்கவில்லை. மண்டோர் வீட்டுக்கே போய் நின்றாள்.

"கொஞ்சம் குட்ட மரத்துக்கு மாத்தி விடுங்கண்ணே அவன."

முருகையா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "பிரேமா, அது மெஷினோட நெரை. இன்னிக்கும் அவன் பேர் சொல்ற எடம். அத அடுத்தவன் குடும்பத்துக்குக் குடுத்தா என் மனசு கேக்குமா?"

"ஒங்க மனசு எதண்ணே கேட்டிருக்கு?"

"ஏய், நாக்கப் பாரு இதுக்கு! குட்ட மரம் வயசானவங்களுக்குலா. இவன் எளந்தாரி. பல்லக் கடிச்சுக்கிட்டு கொஞ்சம் தஹான் பண்ணுனா தானா வந்துரும்."

குட்டை மரத்தில் வெட்டிக்கொண்டிருந்த வயசானவர் முருகையாவின் மச்சான். முருகையாவைவிடச் சின்னவர்.

கம்பெனி ஆபீசிலிருந்து பாதுகாப்பு அதிகாரியாக ஷாமளா என்ற பெண் மாதாமாதம் வருவாள். படித்தவள், நல்லவள், வெயிலில் நின்று பேசுகிறவள். பிரேமாவதி அவளையும் பிடித்தாள்.

"அக்கா, நீங்க கேக்குறது நூத்துக்கு நூறு சரி," என்றாள் ஷாமளா. "உயர மரத்துக்கு ரெண்டு பேர் மாத்தி மாத்தி வெட்டணும். வலின்னா ரெஸ்ட் குடுக்கணும். ஆஸ்பத்திரியில ஃபிசியோ பண்ணணும். அப்புறம் அந்தக் கெழட்டு மரத்தையெல்லாம் சாச்சிட்டுப் புதுசு நடணும். எல்லாம் நான் மேல அனுப்பியாச்சு."

"மேல போனது எப்பம்மா கீழ வரும்?"

"வரும்கா."

வந்தது. ஒரு பேனரும் ஒரு மூட்டை டீசட்டையும் வந்தன. 'வலிக்கு அடிமையாகாதே, மாத்திரைக்கும் அடிமையாகாதே' என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொழிலாளி சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைத் தோட்டத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பேனரைப் பெரட்டுக் களத்தில் கட்ட இரண்டு மரம் தேவைப்பட்டது. ஒன்றில் கயிறு எட்டாததால் முருகையாவின் மோட்டார் சைக்கிளில் கட்டினார்கள். கூட்டத்துக்கு முருகையாவே தலைமை.

"யாரு யாரு கிளி சாப்புடுறா? பயப்படாம கை தூக்கு!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணே, கை தூக்கத்தான் கிளி வேணும்!"

மொத்தப் பெரட்டும் சிரித்தது. ஷாமளாவும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று குனிந்துகொண்டாள். மூத்திரச் சோதனையும் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கத்தான் செய்தது. தேதி முன்கூட்டியே தெரியும்; தெரியாவிட்டாலும் ஒன்றுமில்லை. அந்தக் கோப்பைக்குக் கஞ்சா தெரியும், ஐஸ் என்கிற போதைத்தூள் தெரியும். கிளியை அது பார்த்ததே இல்லை.

ஆகவே பிரேமாவதி வேறு யாரையும் நம்பவில்லை. தன் கண்ணை நம்பினாள். தினமும் வாயைப் பார்த்தாள், பாஸ் போட்டாள். அவளுக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜீவன் வீட்டில் கிடப்பான். ஒரு கொட்டாவி விட மாட்டான். துணி துவைக்கிற சாக்கில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூக்கு ஒழுகவில்லை, வேர்க்கவில்லை, கொட்டாவி இல்லை. தம்பி சுத்தம் என்று அவள் மார்தட்டிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்?

இப்படியே வருஷம் திரும்பி இருளப்பனின் திவசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. லயமே கூடிவிட்டது. செத்தவனுக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள்: ஆட்டுக்கறி, பொரித்த கெம்போங் மீன், உளுந்து வடை, கோப்பி ஓ, ஒரு போத்தல் ஸ்டவுட். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வாழையிலையில் வைத்து, பின்பக்கம் கவிழ்த்து வைத்திருந்த பீப்பாய்மேல் காக்கைக்கு வைத்தார்கள். காக்கை வந்து வாய் வைத்தால்தான் செத்தவன் சாப்பிட்டதாகக் கணக்கு. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் இலைமுன் உட்கார முடியும்.

"கா... கா... கா..."

காக்கை வரவில்லை. அந்த லயத்துக் குப்பை மேட்டில் மற்ற நாளில் காக்கை கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

"ஸ்டவுட்ட ஒடைங்கடா. மூடிய வச்சுக் குடுத்தா எப்புடிக் குடிப்பான்?"

உடைத்தார்கள். வரவில்லை. ஒருவன் சிகரெட் பற்றவைத்துச் சொருகினான். வரவில்லை. இருளப்பனின் அக்கா பாப்பம்மா மாரில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினாள்: "தம்பீ! என்னாடா கொற ஒனக்கு? அக்கா வந்திருக்கேன்டா!"

முருகையா முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். "மெஷினு! கவலப்படாதடா. ஒன் பொண்டாட்டிய நாங்க பாத்துக்குறோம்."

எதிர்க் கூரையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒரே ஒரு காக்கையும் அதைக் கேட்டுவிட்டு எழுந்து பறந்துவிட்டது.

வெயில் ஏறியது. கறி ஆறியது. பசித்த கூட்டத்தில் எவனோ முணுமுணுத்தான்: "அவனுக்கு உண்மையா எது பிடிக்குமோ அத வைக்கலியே."

பக்கத்தில் நின்றவர்கள் அவனை விட்டு ஓர் அடி நகர்ந்துகொண்டார்கள்.

"எதுடா அது?" பாப்பம்மா திரும்பினாள். "எதுவா இருந்தாலும் வைங்கடா!"

"அது வேணாம் அண்ணி," என்றாள் பிரேமாவதி.

"எதுன்னு நான் இன்னும் கேக்கவே இல்ல, நீ வேணாங்குற?"

"அதத் தின்னுதான் அவரு செத்தாரு."

"என் தம்பி ஹார்ட்டுல செத்தான்! டாக்டரே எழுதிக் குடுத்திருக்கான்! உசுரோட இருக்கையில அவன் வாயக் கட்டுன. செத்தும் கட்டுறியாடி? ஒரு வருசமா பட்டினியா அலையுறான் போல, பாவி, அதான் வர மாட்டேங்குறான்!"

அங்கே நின்ற ஆண்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் அது இருந்தது. எடுத்து வைக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. வைத்தால் இருக்கிறது என்று ஆகிவிடுமே. எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். முருகையா மேகத்தைப் பார்த்தார். பாப்பம்மா மட்டும் நிறுத்தவில்லை. முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, புருஷனைத் தின்றவள், வீட்டுக்காகத் தம்பியை இழுத்து வைத்திருக்கிறவள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். நாக்கு நீளமானவள் என்று பேர் எடுத்த பிரேமாவதி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்க்கத் தம்பியால் முடியவில்லை. ஜீவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீப்பாய்க்குப் போனான். சட்டைப் பையில் விரலை விட்டு, பச்சையும் மஞ்சளுமாக ஒன்றை எடுத்து, மீனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மாமா, வந்து சாப்புடுங்க. அக்காவ யாரும் ஏச வேணாம்."

காக்கை வந்தது. ஒன்று வந்து, பின்னால் இரண்டு வந்து, சண்டை போட்டுக்கொண்டு தின்றன. மீனை எடுத்தன, வடையை எடுத்தன. கிளியை மூக்கால்கூடத் தொடவில்லை. ஆனால் அதைப் பார்க்க யாருக்கு நேரம்? "அப்பாடா!" என்று மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஓடியது. பாப்பம்மா ஜீவனைக் கட்டிப்பிடித்து, "நீதான்டா புள்ள! நீதான்டா தங்கம்!" என்று நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

பிரேமாவதி பீப்பாய்க்குப் போய் இலையில் கிடந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்குக் கம்பு இல்லை.

கூட்டம் கலைந்து, பாத்திரம் கழுவி அடுக்கிய பிறகு கேட்டாள்.

"எப்பருந்து?"

"வந்த மொத வாரம்கா."

"நாந்தான் தெனம் வாயப் பாக்குறேனே!"

"நீ பாக்குறது பெரட்டுக்கு முந்தி. அவரு குடுக்குறது பெரட்டுல. சனிக்கெழம ரெண்டா." ஜீவன் தரையைக் கீறினான். "தப்பா நெனைக்காதக்கா. கை ஏறலக்கா. எல்லாருந்தான் முழுங்குறாங்க."

"சரி, கம்புக்கு முழுங்குன. ஞாயித்துக்கெழம எதுக்குடா?"

கழுவிய பாத்திரம் ஒன்றை எடுத்துத் திரும்பக் கவிழ்த்து வைத்தான். பிறகு சொன்னான்: "ஞாயித்துக்கெழம முழுங்கலைன்னா கொட்டாவி வரும். கொட்டாவி வந்தா நீ கண்டுபிடிச்சிருவ."

அவள் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை ஓங்கினாள். வருஷக்கணக்காகக் குனிந்து பொறுக்கிய முதுகில் எதுவோ பிடித்துக்கொண்டது. அப்படியே சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். அவளுடைய முதுகைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. முருகையாகூட அவளுக்கு என்று சீட்டைத் தூக்கியதில்லை.

அடுத்த தடவை ஷாமளா வந்தபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதாம்மா. மண்டோரு குடுக்குறாரு. சீட்டுக்கடியில மைலோ டின்னு. என் தம்பி மாட்டிக்கிட்டு இருக்கான். அவன உயர மரத்துலேருந்து எறக்கு, டின்னப் புடி. வேற ஒன்னும் கேக்கல."

ஷாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் விட மாட்டேன்கா," என்றாள். விடவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி மேலே சொன்னாள், மாத்திரையையும் கொடுத்தாள். இந்தக் கதையில் யாரையாவது திட்டித் தீர வேண்டும் என்பவர்கள் ஷாமளாவை விட்டுவிட வேண்டும்.

மேலே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபிசியோவுக்கும் புது மரத்துக்கும் வருஷக்கணக்கில் யோசித்தவர்கள், இதற்கு உடனே ஆள் அனுப்பினார்கள். தேதி சொல்லாமல் ஒருநாள் பெரட்டில் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை வந்தவை புதுக் கோப்பைகள். கிளியை அவற்றுக்கு நன்றாகத் தெரிந்தது.

வெட்டுக்காரர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். முருகையாவின் மூத்திரம் தோட்டத்திலேயே சுத்தமானது. அவர் ஒருநாளும் கிளியைத் தொட்டதில்லை. கம்பைத் தொட்டிருந்தால் அல்லவா கிளியைத் தொடுவார்? சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். மழைக்கோட்டு இருந்தது. அதை மடித்து வைத்திருந்த நேர்த்தியை அதிகாரி பாராட்டினார்.

பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தினால் குலை மரத்திலேயே அழுகும். ஆகவே அவர்களுக்கு அறிவுரையும் ஆளுக்கொரு டீசட்டையும் கொடுப்பது என்று முடிவானது. ஆனால் உதாரணத்துக்கு ஒருவன் வேண்டும். மாத்திரை யார் வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டார்கள்.

"யார் குடுத்தது?" என்று மானேஜர் கேட்டார்.

"மண்டோர் சார்," என்றான் ஜீவன்.

"மண்டோர் குடுத்ததப் பாத்தவங்க யாரு?"

வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள்.

"சரி. இவன் கையில இருந்தத யார் பாத்தது?"

இதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை, லயமே பார்த்திருந்தது. முருகையா அடக்கமாகச் சொன்னார்: "திவசத்துல சார். பொதுவுல. அவன் சொந்தப் பையிலேருந்து. எனக்கே அதிர்ச்சியாப் போச்சு." தோட்டத்து ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற பாப்பம்மாவைக் கேட்டார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. "ஆமா சார். இவன்தான் எடுத்து வச்சான். தங்கமான புள்ள. இவன் மட்டும் வைக்கலைன்னா என் தம்பி அன்னிக்கு வந்திருக்கவே மாட்டான்." அவ்வளவு மனமார அவனை யாரும் அதுவரை புகழ்ந்ததில்லை. அந்தப் புகழ்ச்சியில்தான் ஜீவனுக்கு வேலை போனது. வேலையோடு வீடும் போனது.

சாமான் ஏற்ற லாரி பிடித்துக் கொடுத்தது முருகையாதான். "மெஷினுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் பிரேமா, நாங்க பாத்துக்குறோம்னு," என்று மெத்தையின் ஒரு முனையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். வேலையிடத்தில் மாத்திரைப் பழக்கத்தைத் தடுக்கும் குழுவுக்கு அவர்தான் இப்போது தலைவர். அந்த டீசட்டையில்தான் வந்திருந்தார்.

"நல்லா இருப்பீங்கண்ணே," என்றாள் பிரேமாவதி. "ஒங்களுக்கு ஒரு வலியும் வராது."

ஷாமளா ஓடிவந்து லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, மன்னிச்சிருங்க. நான் நெனச்சது வேற. இதக் கேளுங்க: டவுன் கவர்மென்ட் கிளினிக்ல ஒரு டாக்டர் இருக்காங்க. திட்ட மாட்டாங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. ஒரேயடியா நிறுத்துனா ஒடம்பு தாங்காது, மருந்து குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா எறக்குவாங்க. தம்பி, நீங்க போவீங்கல்ல?"

ஜீவன் தலையாட்டினான். அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் முருகையா அவனுக்குச் சீட்டைத் தூக்கவில்லை. வேலையில் இல்லாதவன் தோளை அவர் பார்ப்பதில்லை.

லாரி மேற்கே, உயர மரக்காட்டை ஒட்டிய செம்மண் பாதையில் ஆடிக்கொண்டே போனது. பின்பக்கம் மெத்தைமேல் அக்காவும் தம்பியும். பிரேமாவதியின் மடியில் ரைஸ் குக்கர். இருளப்பனின் நிரையில், இருளப்பனின் கம்பைப் பிடித்துக்கொண்டு, கடல் கடந்து வந்த யாரோ ஒரு புதுப் பையன் அண்ணாந்து நின்றான். கம்பை வைத்துவிட்டு வலது தோளைத் தடவிக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

ஜீவனுக்கு வேர்த்துக் கொட்டியது. போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு அக்காவின் தோளில் சாய்ந்தான். பிறகு, அவனை மீறி, தாடை கழன்றுவிடுமோ என்கிற மாதிரி ஒரு பெரிய கொட்டாவி வந்தது. கையால் மறைக்கப் பார்த்தான். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

பழக்கம்தான். குனிந்து, பகல் வெளிச்சத்தில், கடைவாய்வரை பார்த்தாள். நாக்குக்கடியில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்க அவள் பார்த்த வாய்களில், அன்றைக்குக் கிளி போகாத வாய் அது ஒன்றுதான்.

"பாஸ்," என்றாள்.

அடுத்த கொட்டாவி வந்தது.